புறக்கோள் ஆய்வாளராக வேண்டுமா? எங்கே தொடங்குவது, எதற்குத் தயாராவது

'இன்னொரு பூமி' என்று செய்திகளில் வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நீலக்கடலும் வெண்மேகமுமாக இருக்கும் அவை எல்லாமே ஓவியர்கள் வரைந்தவை. வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைப் புறக்கோள் என்கிறோம். பூமி அளவுள்ள ஒரு புறக்கோளைக்கூட இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது விண்மீனின் ஒளியைத்தான். அது எப்போது கொஞ்சம் மங்குகிறது, எந்த நிறம் எவ்வளவு குறைகிறது, ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் உள்ள கோடுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று அளந்து, அதிலிருந்து கோளை ஊகிப்பதே தொழில். அதனால் இங்கே வர நினைப்பவர் கோள்களுக்கு முன்னால் விண்மீன்களைக் கற்க வேண்டும். அதற்கும் முன்னால், அளவீட்டில் பிழை எப்படியெல்லாம் நுழைகிறது என்பதைக் கற்க வேண்டும்.

மேல்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பொறியியல் முடித்துவிட்டு "இப்போதாவது மாறலாமா" என்று யோசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

'வாழத்தக்க' என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும்

1995இல் ஜெனீவாவைச் சேர்ந்த மிஷேல் மயோரும் டிடியே கெலோவும், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் 51 பெகாசி பி. வியாழனைப் போன்ற வாயுக்கோள், ஆனால் 4.2 நாளில் ஒரு சுற்றை முடித்துவிடும். அதற்காக 2019இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2025 செப்டம்பரில் உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தொட்டது. இவற்றில் மிகச் சிலவற்றைத்தான் 'வாழத்தக்கவை' என்ற பட்டியலில் சேர்க்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிறது என்று பொருள் இல்லை. கோளுக்குப் பொருத்தமான காற்றுமண்டலம் இருந்தால், விண்மீனிலிருந்து அது இருக்கும் தூரத்தில் தரையில் நீர் திரவமாக நிற்கக்கூடும்; அந்தத் தூர எல்லைதான் வாழ்தகு மண்டலம். அவ்வளவுதான். நம் நிலாவும் சூரியனின் வாழ்தகு மண்டலத்துக்குள்தான் சுற்றுகிறது. காற்று இல்லாததால் அங்கே ஒரு குட்டைகூட இல்லை. மண்டலத்துக்குள் இருப்பது ஒரு தகுதி. மீதித் தகுதிகளைச் சோதிப்பதற்கே ஒரு வாழ்நாள் ஆய்வு தேவைப்படும்.

எந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும்?

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரே துறை. உள்ளே போனால் தனித்தனி வேலைகள். முதல் கூட்டம் கோளைக் கண்டுபிடிப்பவர்கள். கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து போகும்போது ஒளி குறைவதைத் தேடுவார்கள்; இதைக் கடப்பு முறை என்பார்கள். நாசாவின் கெப்ளர் (2009), டெஸ் (2018) ஆகிய விண்கலங்கள் இதற்காகவே ஏவப்பட்டவை. இரண்டாவது கூட்டம் கோளை எடை போடுபவர்கள். கோள் இழுப்பதால் விண்மீனும் லேசாக ஆடும், அதன் வேகத்தை நிறமாலையில் படிக்கலாம். சூரியனை வியாழன் வினாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமியால் முடிவது வினாடிக்கு 9 சென்டிமீட்டர் மட்டுமே, அதாவது கிட்டத்தட்ட ஆமை நடை. மூன்றாவது, காற்றுமண்டலத்தைப் படிப்பவர்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்த பிறகு கூட்டம் அதிகம் சேரும் இடம் இதுதான். இவர்களைத் தவிரக் கணினியில் தட்பவெப்ப மாதிரிகளை ஓட்டும் கோட்பாட்டாளர்களும், கருவி கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னவர்களை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் எந்திரவியல், மின்னணுவியல், ஒளியியல் படித்தவர்களுக்கு இதுவே நேரான வழி. வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தை அளக்க வேண்டுமானால், ஒளியை நிறமாலையாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியின் வெப்பநிலை ஒரு டிகிரியின் மிகச் சிறிய பங்கு அளவுக்குக்கூட மாறக் கூடாது. அதைச் செய்து காட்டுபவரைத் துறை கைவிடாது. எல்லாரும் வெப் தரவை நோக்கி ஓடும்போது கருவிப் பக்கம் போவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப்போல் 109 மடங்கு. கடப்பின்போது மறைவது பரப்பளவு என்பதால் 109ஐ 109ஆல் பெருக்க வேண்டும்: கிட்டத்தட்ட 12,000. அதாவது, வேறொரு விண்மீனிலிருந்து நம்மைப் பார்ப்பவருக்குப் பூமி கடக்கும்போது சூரிய ஒளி 12,000இல் ஒரு பங்கு குறையும். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 13 மணி நேரம். அந்தக் கடப்பைக் காணும் கோணத்தில் அவர் இருப்பதற்கான வாய்ப்பே சுமார் 200இல் ஒன்று.

இப்போது இதே கணக்கை டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனுக்குப் போடுங்கள். நம்மிடமிருந்து சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இந்தச் சிவப்புக் குள்ளனின் (சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த விண்மீன்) விட்டம் சூரியனுடையதில் சுமார் 12 சதவீதம். அதன் முன்னால் பூமி அளவுள்ள கோள் கடந்தால் ஒளி 170இல் ஒரு பங்கு குறையும். எழுபது மடங்கு ஆழமான பள்ளம்! அதன் வாழ்தகு மண்டலமும் விண்மீனுக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே இருக்கும் டிராப்பிஸ்ட்-1 இ என்ற கோளுக்கு ஓராண்டு என்பது நம் ஆறு நாள். ஒரு மாதம் பார்த்தால் ஐந்து கடப்புகள் சிக்கும். வாழத்தக்க கோள் தேடுபவர்கள் ஏன் சிவப்புக் குள்ளர்களைச் சுற்றியே மொய்க்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அதில் வில்லங்கமும் உண்டு. சிவப்புக் குள்ளர்கள் அடிக்கடி தீப்பிழம்பு வீசும் முரட்டு விண்மீன்கள். அருகில் இருக்கும் கோளின் காற்றை அவை உரித்துவிடக்கூடும். டிராப்பிஸ்ட்-1 தொகுதியில் ஏழு கோள்கள் இருப்பது 2017இல் தெரிந்தது. உள்ளே இருக்கும் இரண்டை 2023இல் வெப் அளந்து பார்த்தபோது அடர்ந்த காற்றுமண்டலம் இருப்பதற்கான அறிகுறி கிடைக்கவில்லை. மற்ற கோள்களின் கதை என்ன என்பதே இன்றைய பெரிய கேள்விகளில் ஒன்று.

என்ன படிப்பது

'வானியல்' என்று பெயர் போட்ட இளங்கலைப் பட்டம் தேவையில்லை. இயற்பியல் போதும். பி.எஸ்சி. இயற்பியல், ஐசர், நைசர் போன்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் ஒருங்கிணைந்த படிப்பு, திருவனந்தபுரம் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று எந்த வழியாகவும் வரலாம். ஜேம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேர்வது நம் ஊர்க் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு நன்கு பழகிய பாதை. ஒளியியல், வெப்ப இயக்கவியல், குவாண்டம் இயக்கவியல் மூன்றையும் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மூலக்கூறு ஏன் குறிப்பிட்ட நிறத்தை மட்டும் விழுங்குகிறது என்று தெரியாமல் காற்றுமண்டலத்தைப் படிக்க முடியாது. நம் பாடத்திட்டங்களில் பொதுவாக இளைத்துப் போயிருக்கும் பகுதி புள்ளியியல். அதை நீங்களே தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்புறம் பைதான்.

தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்பார்கள். ஆசைக்கு வாங்கலாம். இந்தத் தொழிலுக்குத் தயாராவதற்கென்றால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல மடிக்கணினி வாங்குங்கள்.

பொறியியலிலிருந்து வருவதற்கு நல்ல எடுத்துக்காட்டு நிக்கு மதுசூதன். வாரணாசியில் பி.டெக். படித்துவிட்டு எம்ஐடி போய், புறக்கோள் காற்றுமண்டல ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான சாரா சீகரிடம் முனைவர் பட்டம் பெற்றார். இப்போது கேம்பிரிட்ஜில் பேராசிரியர். அவர் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

உண்மைத் தரவில் கை வையுங்கள்

இந்தத் துறையின் பெரிய வசதி, கெப்ளர், டெஸ் தரவு முழுக்க இலவசமாகப் பொதுவில் கிடப்பது. மாஸ்ட் என்ற காப்பகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அனுமதி, பணம், பரிந்துரை எதுவும் வேண்டாம். மடிக்கணினி பழையதாக இருந்தாலும் கூகுள் கோலாப் மூலம் உலாவியிலேயே நிரல் ஓட்டலாம். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. படிப்பவர் ஒரு விடுமுறைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

லைட்கர்வ் என்ற பைதான் தொகுப்பை நிறுவுங்கள். வாஸ்ப்-18 என்ற விண்மீனின் டெஸ் தரவை இறக்குங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதைச் சுற்றும் பெரிய வாயுக்கோள் 23 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஒரு சுற்றை முடிக்கிறது, பள்ளமும் சுமார் ஒரு சதவீதம் இருக்கும். டெஸ் ஒரு வானப் பகுதியைச் சுமார் 27 நாள் பார்க்கும் என்பதால் ஒரே கோப்பில் இருபதுக்கு மேல் கடப்புகள் கிடைக்கும். கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து, மெதுவான ஏற்ற இறக்கங்களை நீக்கித் தட்டையாக்க வேண்டும். புதியவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தட்டையாக்கும் சாளரத்தின் (ஒரே நேரத்தில் சராசரி எடுக்கும் தரவுத் துண்டின்) நீளத்தைக் கடப்பு நேரத்தைவிடக் குறைவாக வைத்தால், கருவி கோளையும் சேர்த்து வழித்துப் போட்டுவிடும். சாளரத்தை மாற்றி மாற்றிப் பள்ளத்தின் ஆழம் எப்படி மாறுகிறது என்று குறித்து வையுங்கள். பிறகு சுற்றுக்காலத்தைத் தேடும் நிரலை ஓட்டி, கிடைத்த காலத்தில் தரவை மடியுங்கள். எல்லாக் கடப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே பள்ளமாகத் தெரியும். ஆழத்தின் வர்க்கமூலம் எடுத்து விண்மீனின் ஆரத்தால் பெருக்கினால் கோளின் ஆரம் வந்துவிடும்.

சரி, கோளை அளந்தாயிற்று. இனிமேல்தான் உண்மையான பயிற்சி: அது கோள் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். ஒற்றைப்படைக் கடப்புகளையும் இரட்டைப்படைக் கடப்புகளையும் தனித்தனியாக மடித்துப் பாருங்கள். ஆழம் வேறுபட்டால், ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களாக இருக்கலாம். பள்ளத்தின் அடி தட்டையாக இல்லாமல் கூராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். டெஸ் கேமராவின் ஒரு புள்ளி (பிக்சல்) வானில் 21 விகலை அகலம் உள்ளது; ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு. அதற்குள் பக்கத்து விண்மீன்களும் வந்து விழும். மங்குவது நீங்கள் நினைக்கும் விண்மீன்தானா என்று பார்க்க வேண்டும்.

இது பழகிய பின் டிஓஐ-700ஐ எடுங்கள். இதன் வாழ்தகு மண்டலத்தில் பூமி அளவுள்ள கோள் இருப்பது 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. சுற்றுக்காலம் 37 நாள். தொடக்கத்தில் இந்த விண்மீனைச் சூரியனைப் போன்றது என்று தரவுத்தளத்தில் தவறாக வகைப்படுத்தியிருந்தார்கள். அதனால் கோள்கள் இருப்பதைவிடப் பெரியதாகவும் சூடாகவும் தெரிந்தன. விண்மீன் சிறியது என்று திருத்தியதும் கோள்களும் சுருங்கின, வெளியே இருந்த கோள் வாழ்தகு மண்டலத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அந்தத் தவறைக் கண்டவர்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரும் உண்டு. விண்மீனைப் படிக்காமல் கோளைப் படிக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நிரல் எழுதப் பயமாக இருந்தால், பிளானட் ஹண்டர்ஸ் டெஸ் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் ஒளி வரைபடங்களைக் கண்ணால் பார்த்துக் குறிப்பதிலிருந்து தொடங்கலாம்.

கட்டுரை வாசிப்பது, கடிதம் எழுதுவது

ஆய்வுக் கட்டுரைகள் ஆர்க்சைவ் தளத்தில் தினமும் இலவசமாக வருகின்றன. முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்க முயன்றால் இரண்டாம் பக்கத்திலேயே மனம் சோர்ந்துவிடும். சுருக்கம், படங்கள், முடிவுரை என்ற வரிசையில் படியுங்கள். வேண்டியபோது மட்டும் நடுப்பகுதிக்குப் போங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு ஆறுதல்: இந்தக் கட்டுரைகளின் ஆங்கிலம் கதை, நாவல் ஆங்கிலத்தைவிட எளிது. அதே முந்நூறு, நானூறு சொற்களே திரும்பத் திரும்ப வரும்.

கோடைப் பயிற்சிக்கு அறிவியல் கழகங்களின் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டம், புனேயில் உள்ள ஐயுகா வானியல் மையத்தின் விடுமுறைத் திட்டம் போன்றவை இருக்கின்றன. இவற்றோடு நேரடியாகவும் எழுதிக் கேட்கலாம். "சிறுவயது முதல் விண்வெளி மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்கள் பேராசிரியர்களுக்குக் கட்டுக்கட்டாக வருகின்றன. பதில் போவது அரிது. நீங்கள் எழுதுவது பத்து வரிக்குள் இருக்கட்டும். அவருடைய ஒரு கட்டுரையை வாசித்ததையும், அதில் எழுந்த ஒரே ஒரு கேள்வியையும் எழுதுங்கள். நீங்களே மடித்து எடுத்த வாஸ்ப்-18 வரைபடத்தை இணையுங்கள். அந்தப் படம் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

முனைவர் பட்டம்: இங்கேயா, வெளியிலா

இந்தியாவில் புறக்கோள் வேலை நடக்கும் இடங்கள் குறைவு, ஆனால் இருக்கின்றன. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் ராஜஸ்தானின் அபு மலையில் பாரஸ் என்ற நிறமாலைமானியை இயக்கி, 2018இல் ஒரு கோளின் எடையை அளந்து அறிவித்தது. இப்போது அங்கேயே 2.5 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ்-2 இயங்குகிறது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் புறக்கோள் காற்றுமண்டல ஆய்வு நடக்கிறது. அவர்களுடைய வைணு பாப்பு ஆய்வகம் நம் திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூரில்தான் இருக்கிறது, அங்குள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியில் கடப்புகளை அளந்திருக்கிறார்கள். இன்னொரு செய்தி: 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த வேளையில் அந்த விண்மீன் விட்டுவிட்டு மங்கியதை வைத்துத்தான் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தன. அந்த மங்கல் காவலூரிலும் பதிவானது. ஒளி குறைவதை வைத்துப் பொருளைக் கண்டுபிடிக்கும் வித்தை நம் மலைக்குப் புதிதல்ல.

சேர்வதற்கு ஜெஸ்ட், கேட், நெட் ஆகிய தேர்வுகளும் நேர்காணலும் உண்டு. எந்த நிறுவனம் எதை ஏற்கிறது என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

வெளிநாடு என்றால் அமெரிக்காவில் ஐந்து முதல் ஆறு ஆண்டு, பெரும்பாலும் எம்.எஸ்சி. இல்லாமலும் சேரலாம். ஐரோப்பாவில் முதுகலை முடித்திருக்க வேண்டும், மூன்று நான்கு ஆண்டில் முடியும். இந்தத் துறையில் நல்ல முனைவர் பட்ட இடம் எதுவும் உங்களிடம் கல்விக் கட்டணம் கேட்காது, மாறாகச் சம்பளம் தரும். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிச் சேரச் சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களோடு பேசுங்கள், அவர் இல்லாத நேரத்தில்.

நிராகரிப்பும் சண்டையும்

வில்லியம் போருக்கி 1962இல் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் சேர்ந்து அப்பல்லோ விண்கலங்களின் வெப்பக் கவசத்துக்காக வேலை செய்தவர். முனைவர் பட்டம் இல்லாதவர். கடப்பு முறையில் கோள் தேடலாம் என்று 1984இல் எழுதினார். அதற்கான விண்கலத் திட்டத்தை 1992 முதல் நான்கு முறை நிராகரித்தார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட குறையை எடுத்துக்கொண்டு ஆய்வகத்தில் சோதித்து, பதிலோடு திரும்பி வந்தார். 2001இல் ஐந்தாவது முறை ஏற்கப்பட்டது. அதுதான் கெப்ளர், 2,600க்கு மேற்பட்ட கோள்களைக் கொடுத்த திட்டம்.

நீங்களும் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிப்பீர்கள். வெப்பில் இருக்கும் நேரத்தைப்போல் ஒன்பது மடங்கு நேரம் கேட்டு ஒரே சுற்றில் விண்ணப்பங்கள் வந்ததும் உண்டு. விண்ணப்பித்தவர் யார் என்பது தேர்வாளர்களுக்குத் தெரியாமல் மறைத்துவிடுவதால், புதியவரும் மூத்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கிடைக்காவிட்டால் தேர்வாளர் குறிப்பை வைத்து அடுத்த சுற்றுக்கு எழுத வேண்டும். வழக்கமான வேலை இது, அவமானம் இல்லை.

பொதுவெளியில் நடக்கும் சண்டைக்கும் பழகிக்கொள்ளுங்கள். 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18 பி என்ற கோளில் நீராவி இருப்பதாக 2019இல் ஹப்பிள் தொலைநோக்கியின் தரவை வைத்துச் சொன்னார்கள். 2023இல் மதுசூதன் குழு வெப் தரவில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் கண்டது. முன்பு நீராவி என்று நினைத்தது மீத்தேனாக இருக்கலாம் என்றானது. 2025 ஏப்ரலில் அதே குழு, பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெத்தில் சல்ஃபைடின் தடயம் தெரிவதாக அறிவித்தது. உறுதி மூன்று சிக்மா அளவுதான் (ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று சொல்லும் அளவு சிக்மா). கண்டுபிடிப்பு என்று ஏற்க ஐந்து கேட்பது வழக்கம். உலகமெங்கும் தலைப்புச் செய்தி ஆனது. அதே தரவை எடுத்து வேறு முறையில் ஆராய்ந்த மற்ற குழுக்கள், அந்த வாயு இருப்பதாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றன. இரு தரப்பும் எழுதிய கட்டுரைகள் ஆர்க்சைவில் கிடக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தரவு ஒன்றாக இருந்தும் முடிவு ஏன் வேறாகிறது என்று தேடினால், எந்தப் பாடப்புத்தகமும் தராத பயிற்சி அது.

வீட்டில் கேட்பார்கள்: வேலை கிடைக்குமா?

நேர்மையான கணக்கு இது. இளங்கலையும் முதுகலையும் ஐந்து ஆண்டு, முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டு, அதன் பிறகு போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆண்டு, பெரும்பாலும் வேறு வேறு ஊரில். நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது முப்பத்தைந்தை நெருங்கியிருக்கும். முனைவர் பட்டம் பெறும் எல்லாருக்கும் பேராசிரியர் பதவி கிடையாது, இடங்கள் அவ்வளவு இல்லை. கல்யாணம், பெற்றோரின் உடல்நிலை, குடும்பக் கடன் எல்லாம் இந்த ஆண்டுகளுக்குள்தான் வரும். இதை மறைத்து ஒருவரை உள்ளே அழைப்பது சரியல்ல.

மறுபக்கமும் உண்டு. இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் சிறு சைகையைத் தேடி எடுத்து, அது எவ்வளவு நம்பத்தக்கது என்று எண்ணில் சொல்லத் தெரிந்தவரைத் தரவு அறிவியல், மருத்துவப் படிமவியல், செயற்கைக்கோள் நிறுவனங்கள் என்று பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பிஎச்.டி. படிக்கும்போதே எழுதும் நிரலைச் சுத்தமாக எழுதிப் பொதுவில் போட்டு வையுங்கள். ஆய்வுப் பணிக்கும் அதைத்தான் பார்ப்பார்கள், வெளி வேலைக்கும் அதைத்தான் பார்ப்பார்கள்.